கொடியை வேரில் பிடியுங்கள்: வீட்டுத் தோட்டத்தில் அடங்காமல் படரும் கொடிகளை ஒழிக்கும் முறை

மரத்தின் உச்சிவரை ஏறி இலைகளை மூடி நிற்கும் கொடியைப் பார்த்ததும் கைக்கு எட்டியதைப் பிடித்து இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் கொடி அறுந்து வரும், தோட்டமும் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் அறுந்த இடத்துக்குக் கீழே ஒன்றுக்கு மூன்றாகத் துளிர் கிளம்பும். கொடி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளப் பருத்த அடிமரம் வளர்ப்பதில்லை. பக்கத்திலிருக்கும் மரமோ வேலியோ அதைத் தாங்குகிறது. அப்படி மிச்சமாகும் உணவைக் கொண்டு வேகமாக நீள்கிறது. பல கொடிகள் அதில் ஒரு பகுதியை வேரிலும் கிழங்கிலும் சேர்த்தும் வைக்கின்றன. மேலே எவ்வளவு அறுத்தாலும் அந்தச் சேமிப்பு தீராதவரை கொடி சாகாது. எனவே தலைக்கு மேலே உள்ளதற்குக் கொஞ்ச நேரமும் தரையில் உள்ளதற்கு நிறைய நேரமும் ஒதுக்குங்கள்.

எப்படித் திரும்ப முளைக்கிறது என்று முதலில் பாருங்கள்

கொடியின் பெயர் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் அது எதிலிருந்து திரும்ப முளைக்கிறது என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் வேலை செய்யும் முறையே அதைப் பொறுத்து மாறும். அடித்தண்டின் அருகே ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். தரையில் கிடக்கும் தண்டையும் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்.

தரையைத் தொட்ட கணுக்களிலெல்லாம் வேர் இறங்கியிருந்தால் அது கணுவில் வேர்விடும் வகை. மைக்கேனியா, ரயில்வே க்ரீப்பர், மணி பிளான்ட் இந்த இனம். ஒரே ஒரு கணு உள்ள துண்டு ஈரமண்ணில் விழுந்தாலும் புதுக்கொடி ஆகிவிடும். இவற்றை நீளநீளமாகச் சுருட்டி எடுக்க வேண்டும், துண்டு துண்டாக நறுக்கவே கூடாது.

தோண்டும்போது சதைப்பற்றான கிழங்கு தட்டுப்பட்டால் வேலை கடினம். கோவைக்கொடி, இளஞ்சிவப்புப் பூங்கொத்து தரும் கோரல் வைன், பூனைநகக் கொடி ஆகியவை கிழங்கில் உயிரை வைத்திருப்பவை. பூனைநகக் கொடியை அடையாளம் காண்பது எளிது: ஒவ்வொரு இலையிலும் பற்றுக்கம்பி மூன்று கூரிய நகங்களாகப் பிரிந்திருக்கும். மடீரா கொடிக்கு நிலத்தடிக் கிழங்கு போதாதென்று, தண்டின் கணுக்களிலும் கரணை போன்ற சிறு கிழங்குகள் காய்த்துத் தொங்கும். அசைத்தாலே அவை உதிரும், உதிர்ந்த இடத்தில் முளைக்கும்.

மூன்றாவது வகை கட்டைத்தண்டுக் கொடிகள்: ஐவி, விஸ்டீரியா, குட்சு, ரப்பர் கொடி. இவற்றின் தண்டு முதிர்ந்து மரமாகிவிடும். வெட்டிய கட்டையின் விளிம்பிலும் தூரிலும் இருந்து துளிர்க்கும்.

விதையை மட்டும் நம்பி வாழும் ஓராண்டுக் கொடிகள்தான் இருப்பதில் எளியவை. மார்னிங் குளோரி வகைகளில் பல இப்படிப்பட்டவை. பூ காயாவதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டால் அந்தப் போகம் முடிந்தது. ஆனால் தடித்த ஓடுள்ள விதைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மார்னிங் குளோரிக்கு உறவான, ஆனால் வேரிலும் பல ஆண்டு வாழும் கான்வால்வுலஸ் என்ற களைக்கொடியின் விதைகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் முளைக்கக்கூடியவை.

அடையாளம் தெரியாத கொடியை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். இலையின் இரு பக்கம், கணு, பூ, காய் ஆகியவற்றைத் தனித்தனியாகப் படமெடுத்துத் தாவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். செல்பேசிச் செயலி சொல்வதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணுக்கே உரிய, பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உணவாகும் கொடிகளும் உண்டு. அவற்றை அளவோடு கவாத்து செய்து வைத்திருப்பதே நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

கவாத்துக் கத்தரி, மடக்கு ரம்பம், களைக்கொத்து, கார்டன் ஃபோர்க் (மண்ணைக் கிளறும் முள்கரண்டி), மூடியுள்ள ஒரு வாளி, ஒரு தார்ப்பாய், தடித்த கறுப்பு நெகிழிப் பைகள். மண்வெட்டியைவிட ஃபோர்க் நல்லது. மண்வெட்டி கிழங்கையும் வேரையும் நறுக்கி ஒன்றைப் பலவாக்கிவிடும், ஃபோர்க் மண்ணைத் தளர்த்தி முழுசாக வெளியே கொண்டுவரும்.

முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். ரப்பர் கொடியின் பால் நச்சுள்ளது. ஐவியின் சாறு சிலருக்குத் தோலில் கொப்புளம் எழுப்பும். பூனைக்காலிக் காயின் சுணை காற்றில் பறந்து வந்து பட்டாலே தாங்கமுடியாத அரிப்பு வரும், ஆகவே காய் முற்றும் முன்பே அதை நனைத்துவிட்டு வெட்டுங்கள். அடர்ந்த கொடிப்புதரில் கை வைக்கும் முன் நீண்ட கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பும் குளவிக் கூடும் அங்கேதான் இருக்கும். மின்கம்பியில் ஏறிய கொடியைத் தொடவே கூடாது. பச்சைத் தண்டு மின்சாரம் கடத்தும். மின் வாரியத்துக்குத் தகவல் சொல்லி அவர்களே எடுக்கட்டும்.

மரத்தில் ஏறிய கொடி: இரண்டு வெட்டு

மரத்தைச் சுற்றி ஏறும் எல்லாத் தண்டுகளையும் முழங்கால் உயரத்தில் ஒரு முறையும் தோள் உயரத்தில் ஒரு முறையும் வெட்டி, இடையில் உள்ள துண்டை அகற்றுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி கிடைக்கும். ஒரே ஒரு வெட்டு போட்டால் கீழிருந்து வரும் துளிர் தொங்கும் பழைய தண்டையே ஏணியாகப் பிடித்து மேலே போய்விடும். தவிர, இடைவெளி இருந்தால்தான் எந்தத் தண்டையாவது வெட்டாமல் விட்டுவிட்டோமா என்பது கண்ணுக்குத் தெரியும். மரத்தின் பின்பக்கம் விடுபட்ட பென்சில் பருமனுள்ள ஒரு தண்டு போதும், மேலே உள்ள கொடி பச்சையாகவே இருக்கும்.

மரப்பட்டையோடு ஒட்டிய தடித்த தண்டை அரிவாளால் ஓங்கி வெட்டாதீர்கள், பட்டையும் சேர்ந்து வெட்டுப்படும். தண்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு தட்டையான திருப்புளியையோ உளியையோ செருகி நெம்பி, கிடைத்த இடைவெளியில் ரம்பத்தால் அறுக்க வேண்டும்.

மேலே இருப்பதை அப்படியே விடுங்கள். இரண்டு முதல் ஆறு வாரத்தில் இலை காய்ந்து உதிரும், தண்டு மெல்ல மக்கிக் கீழே விழும். பச்சையாக இருக்கும்போது இழுத்தால் காய்ந்த கிளைகள் தலைமேல் விழும், பட்டை உரியும், பறவைக் கூடுகள் கலையும். இரண்டு சந்தர்ப்பத்தில் மட்டும் இது பொருந்தாது. கணுவில் வேர்விடும் வகையானால், தொங்கும் வெட்டுமுனை தரையைத் தொடாதபடி உயரத்தில் நறுக்கிவிடுங்கள். தொட்டால் மேலிருந்து கீழாக வேர் இறங்கும். மடீரா கொடியானால் தண்டை வெட்டவே வேண்டாம். வெட்டியபின் மேலே காய்த்த கிழங்குகள் உயிரோடு தங்கிப் பல மாதம் உதிர்ந்துகொண்டிருக்கும். அதற்கான வழி கீழே களைக்கொல்லிப் பகுதியில் இருக்கிறது.

அடுத்து, மரத்தின் அடியைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தரையில் கிடக்கும் கொடிகளைச் சுருட்டி எடுங்கள். விளிம்பில் நேராக வெட்டி, கம்பளம் சுருட்டுவது போல மரத்திலிருந்து வெளிப்புறமாக உருட்டிக்கொண்டு போனால் கணு வேர்கள் சேர்ந்து பெயர்ந்து வரும்.

சிறு செடிகளின்மேல் படர்ந்த கொடியை நீக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். மாதக்கணக்கில் நிழலில் வெளுத்திருந்த இலைகள் திடீரென உச்சி வெயில் பட்டால் கருகும். மேகமூட்டமான நாளில் செய்யுங்கள், அல்லது பாதியை இன்றும் மீதியை பத்து நாள் கழித்தும் எடுங்கள்.

வேர்: உண்மையான வேலை இங்கேதான்

மழை பெய்த மறுநாள், இல்லையென்றால் முந்தைய மாலையில் நன்றாக நீர் பாய்ச்சிய பிறகு தோண்டுங்கள். காய்ந்த மண்ணில் வேர் பாதியில் அறும். தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் ஃபோர்க்கை இறக்கித் தளர்த்துங்கள். தண்டின் அடியை ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் மண்ணைத் தோண்டிக்கொண்டே வேர் போகும் திசையில் போங்கள். 30 முதல் 45 செ.மீ. ஆழம்வரை போனால் பெரும்பாலான இளம் கிழங்குகள் கிடைக்கும். எடுத்த மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிக் கையால் உடைத்துப் பார்த்த பிறகே திரும்பக் குழியில் போட வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவு கிழங்கும் முளைக்கும். கிழங்குகளைத் தரையில் வைக்காமல் நேராக வாளியில் போடுங்கள்.

குட்சுவின் வேர் மிகப் பெரியது, ஆழமானது. அதை முழுசாக எடுக்க முயன்று பலர் சோர்ந்து போகிறார்கள். அது தேவையும் இல்லை. மண் மட்டத்துக்கு அருகே முடிச்சாகத் தடித்திருக்கும் தூர்ப்பகுதியில்தான் அதன் முளைமொட்டுகள் இருக்கின்றன. அந்த முடிச்சுக்குக் கீழே வெட்டி அதை மட்டும் எடுத்துவிட்டால் மிச்ச வேர் முளைக்காமல் மக்கும். கான்வால்வுலஸ் இதற்கு நேர் எதிர். அதன் வேர் பல மீட்டர் ஆழம் போகும், அறுந்த சிறு துண்டும் துளிர்க்கும். அந்த இடத்தை உழுவதும் கொத்திக் கிளறுவதும் களையைப் பெருக்கும் வேலை.

தோண்ட முடியாத இடங்கள் உண்டு: நல்ல மரத்தின் வேர்களுக்கு நடுவே, சுவரின் அஸ்திவாரத்தில், கல் பாவிய நடைபாதைக்கு அடியில். அங்கே பட்டினி போடுவதுதான் வழி. புதுத் துளிர் கிளம்பும்போது அது வேரின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. இலை விரிந்து முதிர்ந்த பிறகுதான் திரும்பச் சேமிக்கத் தொடங்கும். எனவே இலை விரியும் முன் துளிரைக் கிள்ளினால் ஒவ்வொரு தடவையும் வேருக்கு நட்டம். வளர்ச்சி வேகமான பருவத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை, மற்ற நேரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிள்ளுங்கள். நடுவே ஒரு மாதம் விட்டுவிட்டால் அதுவரை இழந்த சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடி திரும்பச் சேர்த்துக்கொள்ளும். வேர் வெட்டினோம், கிள்ளினோம், ஆனாலும் போகவில்லை என்று சொல்பவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் நடந்திருப்பது இந்த இடைவெளிதான். துளிர் மெலிந்து, வெளுத்து, வருவதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்டால் வேர் தளர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

களைக்கொல்லி: எப்போது, எவ்வளவு

ஆறேழு மாதம் கிள்ளியும் அடங்காத கட்டைத்தண்டுக் கொடிக்கும் தோண்ட வழியில்லாத கிழங்குக் கொடிக்கும் மட்டும் இதை நினைத்துப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்தில் அந்த மருந்தைப் பயன்படுத்த உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி சில நாடுகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது, சில இடங்களில் பயிற்சி பெற்றவர் மட்டுமே தெளிக்கலாம். டப்பாவின் லேபிளில் உள்ள அளவே இறுதியானது.

தெளிக்க வேண்டாம். காற்றில் பறந்த துளி நல்ல செடியில் பட்டால் அதுவும் சாகும், பச்சைப் பட்டையுள்ள இளமரமும் பாதிக்கப்படும். வெட்டுமுனையில் தடவுவதே வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. தண்டைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே நேராக வெட்டி, ஐந்து நிமிடத்துக்குள் சிறு தூரிகையால் வெட்டுமுகத்தில் தடவுங்கள். தாமதித்தால் வெட்டுமுகம் மூடிக்கொள்ளும், மருந்து வேருக்கு இறங்காது. 41 சதவீதக் கிளைபோசேட் கரைசலை இந்த வேலைக்குச் சம அளவு நீருடன் கலப்பது வழக்கம். ஒரு கட்டைக்குச் சில துளிகள்தான் செலவாகும், ஆகவே ஒரு சிறிய மூடியளவு கலந்தால் போதும். பருத்த கட்டையில் நடுப்பகுதி முக்கியமில்லை. பட்டைக்கு ஒட்டிய உள்வளையத்தில்தான் உயிருள்ள திசு இருக்கிறது, அங்கே சுற்றிலும் தடவுங்கள்.

மடீரா கொடிக்குச் சுரண்டித் தடவும் முறை. தண்டை வெட்டாமல், அடிப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோலைக் கத்தியால் சுரண்டி உடனே, சில நொடிக்குள், மருந்தைப் பூசுங்கள். தண்டு உயிரோடு இருப்பதால் மருந்து அதன் வழியே கிழங்குகளுக்குப் போய்ச் சேரும். அடியில் தார்ப்பாய் விரித்து உதிரும் கிழங்குகளைச் சேகரியுங்கள்.

கொடி செழித்து வளர்ந்து முடிந்து பூக்கும் பருவத்தில் உணவு இலையிலிருந்து வேரை நோக்கி இறங்கும். அப்போது தடவிய மருந்தும் கூடவே இறங்கும். வறட்சியில் வாடி நிற்கும் கொடிக்கு மருந்து போடுவது வீண். மழை வரும் நாளிலும் கிணறு, குளம், வாய்க்கால் ஓரத்திலும் வேண்டாம்.

உப்பு, வினிகர், மண்ணெண்ணெய், நெருப்பு என்று பல யோசனைகள் காதில் விழும். உப்பு மண்ணையே கெடுக்கும், கொடி போனாலும் வேறெதுவும் அங்கே வளராது. வினிகர் இலையை மட்டும் கருக்கும், வேருக்குத் தெரியவே தெரியாது. மண்ணெண்ணெய் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கும். நச்சுக்கொடியை எரித்த புகை நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. இவற்றில் எதுவும் வேண்டாம்.

மூடாக்கு

கொடி நீக்கிய வெற்று நிலத்தை அப்படியே விட்டால் வெளிச்சம் பட்டு உறங்கிய விதையெல்லாம் முளைக்கும். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று 15 முதல் 20 செ.மீ. ஏறும்படி விரியுங்கள். நீர் தெளித்து நனைத்து, மேலே 10 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது மரத்தூள் பரப்புங்கள். மரத்தின் அடியை ஒட்டி மூடாக்கு போடக்கூடாது, ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பட்டை அழுகும். அட்டைகளின் இணைப்பு வழியே துளிர் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கும் இடம் தெரிவதால் வேரைத் தேடுவதும் எளிதாகிறது.

செடியில்லாத, வெயில் நன்றாக விழும் பாத்தியானால் ஈரமண்ணின்மேல் கண்ணாடி போன்ற தெளிந்த நெகிழித்தாளை இழுத்து விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, கடும் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விடலாம். மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பாலானவை வெந்துபோகும். ஆழத்துக் கிழங்குக்கு இது எட்டாது.

சுவரில் ஒட்டிய கொடி

ஐவியும் சுவர் அத்தியும் தண்டிலிருந்து சிறு வேர்களை விட்டுச் சுவரைப் பற்றும். பச்சையாக இழுத்தால் சுண்ணாம்பும் பூச்சும் சேர்ந்து வரும். அடியில் வெட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். இலை வாடியதும் மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். ஒட்டிய வேர்த்தடத்தை நனைத்து நைலான் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பித் தூரிகை செங்கலைக் கீறும். இதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், காய்ந்து இறுகிவிட்டால் தேய்த்தாலும் போகாது.

அம்மையார் கூந்தல்

மஞ்சள் நூல் சிக்கலாகச் செடிமேல் கிடக்கும் இந்த ஒட்டுண்ணிக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. முளைத்துச் செடியைப் பற்றியதும் அதன் வேர் செத்துவிடும். உறிஞ்சு வேர்களைச் செடியின் தண்டுக்குள் செலுத்தி உயிர்வாழும். நூலை மட்டும் பிய்த்தால் தண்டுக்குள் பதிந்த பகுதியிலிருந்து திரும்ப வரும். அது பற்றிய கிளையை, பற்றிய இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டிக் கிளையோடு அகற்றுங்கள். பூக்கும் முன் செய்துவிட வேண்டும்.

வெட்டியதை எங்கே போடுவது

உரக்குழியில் வேண்டாம். வீட்டு உரக்குழியின் சூடு கிழங்கையும் விதையையும் கொல்லப் போதாது, அந்த உரத்தோடு கொடியும் தோட்டம் முழுக்கப் போய்ச் சேரும். தெருவோரத்திலோ ஓடையிலோ கொட்டினால் இன்னும் மோசம், நீர் போகும் இடமெல்லாம் அது முளைக்கும். தண்டுகளைக் கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். கூழாக அழுகிய பிறகு புதைக்கலாம். கிழங்குகளைக் கொதிநீரில் வேகவைத்து நசுக்கிவிடுவது பாதுகாப்பு. காயும் விதையும் உள்ளவற்றைத் தனிப்பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். கருவிகளையும் செருப்பையும் அதே இடத்தில் கழுவிவிட்டு வாருங்கள்.

அடுத்த இரண்டு ஆண்டு

முதல் மூன்று மாதம் வாரம் ஒரு சுற்று, பிறகு ஓராண்டுவரை இரு வாரத்துக்கு ஒரு சுற்று, இரண்டாம் ஆண்டு மாதம் ஒரு சுற்று. பத்து நிமிடம் போதும். துளிர் கண்ட இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், அடுத்த மழைக்குப் பிறகு அங்கேதான் தோண்ட வேண்டும். மழைக்குப் பிந்தைய வாரங்களில் நாற்றுகள் கூட்டமாக வரும். இரண்டு இலைப் பருவத்தில் கையால் வழித்தால் போய்விடும்.

மூடாக்கு மக்கத் தொடங்கியதும் அந்த இடத்தைச் செடியால் நிரப்புங்கள். சர்க்கரைவள்ளி நன்றாக ஈடுகொடுக்கும். தரையை அடர்த்தியாக மூடி, மைக்கேனியா போன்றவற்றின் நாற்றுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும், வேண்டாதபோது எடுப்பதும் சுலபம்.

பக்கத்து மனையிலிருந்து வேலி தாண்டி வரும் கொடிக்கு, வேலியை ஒட்டி உங்கள் பக்கம் அரை மீட்டர் அகலத்தில் எதுவும் நடாத ஒரு பட்டையை விட்டு, அதைத் தடித்த மூடாக்கால் மூடி வையுங்கள். நுழையும் தண்டு அங்கே உடனே கண்ணில் படும். பக்கத்து வீட்டாரிடம் பேசி இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் தூரை எடுக்க முடிந்தால் பட்டையைக் காவல் காக்கும் வேலையும் பெரிதும் குறையும்.